நான்கு பேடுகளைக் கொன்றது நரியன்று: கோழிகளுக்கு எந்த வேலி?

கேள்வி: ஒட்டுசுட்டானுக்கு அண்மையில், காட்டோரமாக, எங்களுக்கு அரை ஏக்கர் வளவு இருக்கிறது. பதினெட்டு ஊர்க்கோழிகள் வளர்த்தேன். இப்போது பதின்மூன்றுதான் நிற்கின்றன. மூன்று வாரத்துக்கு முன்னர் ஓரிரவு, பூட்டிய கூட்டுக்குள்ளேயே நான்கு பேடுகள் கழுத்தில் கடிபட்டுச் செத்துக் கிடந்தன. இரண்டின் தலையைக் காணவில்லை. கதவோ வலையோ உடைபடவில்லை. வைக்கோல் போரடியில் அடைகிடந்த பேடு ஒன்று விடியற்காலையில் காணாமற்போனது. மேற்கு வேலி வரைக்கும் இறகு சிந்தியிருந்தது. பதினொரு குஞ்சுகளில் நான்குதான் மிஞ்சியுள்ளன. மற்றவை பகலிலேயே போய்விட்டன. கூடையில் இடும் முட்டைகளும் சில நாட்களில் கோதுகூட இல்லாமல் மறைகின்றன. வளவைச் சுற்றி ஆறு வரி முள்ளுக்கம்பி அடிப்பதா, கோழி வலை அடிப்பதா, பச்சை நிறப் பிளாஸ்ரிக் வலை போதுமா? ஒன்றுக்குத்தான் கையில் காசு இருக்கிறது. பக்கத்து வளவுக்காரர் இரவில் கம்பிக்கு மின்சாரம் கொடுத்துவிடச் சொல்கிறார். உங்கள் ஆலோசனை வேண்டும்.

கால்நடை வைத்தியரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

செத்த கோழிகளை எடுத்துப் புதைப்பதோடு விடாமல், கடி எங்கே, இறகு எங்கே, கோது எங்கே என்று பார்த்து எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு எந்த வேலி வேண்டும் என்பதற்கான விடையில் பாதி அந்த விவரங்களிலேயே இருக்கிறது. உங்கள் வளவுக்கு வருவது ஒரு விலங்கு மட்டுமன்று. நான் எண்ணியவரையில் நான்கு வகையாவது வந்துபோகின்றன. அவற்றுள் ஒன்றை மறிக்கும் வேலி மற்றதைத் திரும்பியும் பார்க்க வைக்காது.

கூட்டுக்குள் நான்கு பேடுகளைக் கடித்தது நரியாக இருக்க முடியாது. நரி கோழியைக் கவ்விக்கொண்டு போகும்; பூட்டிய கூட்டுக்குள் நுழைந்து, கொன்றுவிட்டு, உடலைப் போட்டுவிட்டுப் போவது அதன் வழக்கமன்று. கீரிக்கு அந்தப் பழக்கம் உண்டு, ஆனால் கீரி பகலில் திரிகின்ற பிராணி. இரவில், உடைக்காமல், கழுத்தையும் தலையையும் தேடிக் கடிப்பது பெரும்பாலும் மரநாய். அது மரத்தின் வழியே வந்து, கூரைக்கும் வலைக்கும் நடுவில் நீங்கள் காற்றுக்கென்று விட்டிருக்கும் இடைவெளியால் இறங்கியிருக்கும். இன்றைக்கே ஒரு கதிரையைப் போட்டு ஏறி, அந்த இடைவெளியைக் கையால் தடவிப் பாருங்கள். உங்கள் கை முட்டியாக மடக்கிய நிலையில் உள்ளே போனால் மரநாயும் போகும். கூட்டின்மேல் சாய்ந்து நிற்கும் மாங்கொப்போ முருங்கைக்கொப்போ இருந்தால் அதையும் தறித்துவிடுங்கள்.

வைக்கோல் போரடிப் பேட்டை, இறகு சிந்திய வழியைப் பார்த்தால், நரி கொண்டுபோயிருக்கிறது. முட்டையைக் கோதோடு விழுங்குவது பாம்பு; சாரையாகவோ நாகமாகவோ இருக்கலாம். கீரி முட்டையை உடைத்துக் குடிக்கும், ஆகையால் கோது கிடக்கும். குஞ்சுகளைப் பற்றி மட்டும் உங்கள் கடிதத்தை வைத்து என்னால் முடிவாகச் சொல்ல இயலவில்லை, ஏனெனில் பருந்து, வல்லூறு, காகம், கீரி ஆகிய எல்லாமே பகலில் குஞ்சு தூக்கும். இதற்கு ஒரு வழி இருக்கிறது: தாய்ப்பேடும் சேவலும் போடும் சத்தத்தைக் கேளுங்கள். மேலே பறக்கும் ஒன்றைக் கண்டால் கோழி மெல்லிய, நீண்ட ஒற்றை ஒலியாக இழுக்கும், குஞ்சுகள் அந்தக் கணமே பதுங்கிவிடும். தரையில் வரும் ஒன்றைக் கண்டால் கொக்கரிப்பு வெட்டி வெட்டி, விடாமல் வரும், கழுத்தும் நிமிர்ந்து நிற்கும். ஒரு வாரம் காதைக் கொடுத்தால் உங்களுக்கே பிரித்தறிய வரும்.

இன்னும் ஐயம் இருந்தால், பொழுதுபட்ட பின் கூட்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு அடுப்புச் சாம்பலை மெல்லியதாகத் தூவி, வெள்ளென எழுந்து, கோழிகளைத் திறந்துவிடும் முன்னர் பாருங்கள். மூன்று இரவுகள் இதைச் செய்தால் போதும். பாம்பு போனால் கோடு விழும். நாய்க்கும் நரிக்கும் நான்கு விரலும் நகமும் பதியும். மரநாய்க்கு ஐந்து விரல் பதியும்.

இனி வேலிக்கு வருகிறேன். அரை ஏக்கர் வளவு சதுரமாக இருந்தால் சுற்றளவு ஏறத்தாழ 590 அடி வரும். ஆறு வரி என்றால் 3,540 அடி முள்ளுக்கம்பி, எட்டடிக்கு ஒரு கட்டை என்றாலும் எழுபத்துநான்கு கட்டைகள். அத்தனை செலவும் செய்து முடித்த பின்னர் அந்த வேலி மாட்டையும் ஆட்டையும்தான் மறிக்கும். வரிக்கு வரி முக்காலடி இடைவெளியால் நரி குனிந்து வந்துவிடும், கீரிக்கும் பாம்புக்கும் அது ஒரு வேலியாகவே தெரியாது. வன்னியில் முள்ளுக்கம்பியை நம்பிக் காசைப் போட்டுவிட்டு, அடுத்த மாதமே கோழியை இழந்து நின்ற பல வீட்டாரை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அந்தச் செலவை இப்போது செய்ய வேண்டாம்.

பச்சைப் பிளாஸ்ரிக் வலையை எலியே கடித்துவிடும். நம் வெயிலுக்கு விரைவில் மொறுமொறுத்து உடையத் தொடங்கும். கத்தரித் தோட்டத்துக்குள் கோழி போகாமல் மறிக்க அது நல்லது. கோழியைக் காக்க உதவாது. கோழி வலை என்று கடையில் விற்கும் அறுகோணக் கண் வலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வலை கோழியை உள்ளே வைத்திருக்கத்தான் பின்னப்பட்டது. மெல்லிய கம்பியை முறுக்கிச் செய்திருப்பதால் பலமான நாய் ஒன்று பல்லால் இழுத்தால் பிரிந்துவிடும். ஒரு கண் பிரிந்தால் அடுத்ததும் பிரியும். மரநாய் அதன் வழியே கைவிட்டு, வலையோரம் உறங்கும் கோழியின் தலையையோ காலையோ இழுத்துவிடும்.

ஆகவே, ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், அந்த ஒன்று இரவுக் கூடாக இருக்கட்டும். பொழுதுபட்டதிலிருந்து விடியும் வரை கோழிக்குக் கண் தெரியாது, ஓடவும் மாட்டாது, நீங்களும் உறங்கிவிடுவீர்கள். அந்தப் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தை ஒரு சிறிய, இறுக்கமான கூட்டுக்குள் அடைத்துவிட்டால், உங்கள் இழப்பில் பெரும்பகுதி நின்றுவிடும்.

ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி என்று கணக்கிட்டால், எட்டடி நீளம், ஐந்தடி அகலம், நான்கடி உயரம் கொண்ட கூடு இருபது கோழிகளுக்குப் போதும். அதை நிலத்தில் வையாமல், இரண்டரை அடி உயரக் கால்களின் மேல் நிறுத்துங்கள். கறையான் ஏறாத பனஞ்சிலாகை கிடைத்தால் அதுவே சிறந்தது. வேறு மரமென்றால் நிலத்துக்குள் போகும் பகுதிக்குக் கழிவெண்ணெய் பூசுங்கள். ஒவ்வொரு காலையும் சுற்றித் தகரத்தைக் கவிழ்த்த புனல் போல ஆணியடித்துவிட்டால் எலி ஏறாது, பாம்புக்கும் பிடி கிடைக்காது. வீடு திருத்தியபோது கழற்றிய பழைய தகரம் உங்களிடம் ஒரு மூலையில் கிடக்கக்கூடும். அதில் ஒன்றரைத் தகடே இதற்குப் போதும். தளத்தை இடைவெளியின்றிப் பலகையால் அடித்து, மேலே மூன்று அங்குலத்துக்கு உமி பரப்புங்கள். சுவர் நான்குக்கும் அரை அங்குலச் சதுரக் கண் கொண்ட, ஒட்டுவைத்த இரும்பு வலையை அடியுங்கள். கூரைக்குக் கீழேயும் அதே வலையை ஒரு மூடியாகப் போட்டு, அதன் மேல் கிடுகு வேயுங்கள். மூன்றடி அகலச் சுருளில் ஏறத்தாழ 50 முதல் 55 அடி தேவைப்படும். வலை வாங்கும்போது கேஜ் எண்ணைக் கேளுங்கள். எண் கூடக் கூடக் கம்பி மெல்லியது என்பதை நினைவில் வைத்து, அரை அங்குலக் கண்ணுக்கு 19 கேஜுக்கு மேற்பட்ட எண்ணை வாங்காதீர்கள். துத்தநாகப் பூச்சு இல்லாத வலை இரண்டு மாரிக்குள் கறள் பிடித்துவிடும்.

சுவரைத் தகரத்தால் மூடிவிட்டால் செலவு குறையுமே என்று சிலர் கேட்பார்கள். சித்திரை வைகாசி வெப்பத்தில் தகரப் பெட்டிக்குள் அடைத்த கோழி இரவு முழுவதும் வாயைப் பிளந்து இளைக்கும், முட்டையும் குறையும். காற்றுப் போக வேண்டும், பல்லும் நகமும் போகக்கூடாது. அதற்குத்தான் இந்த வலை. வலையை உள்பக்கமாக அடியாமல் வெளிப்பக்கமாக அடித்து, ஓரத்தை மெல்லிய மரச்சட்டம் வைத்து ஆணியால் இறுக்குங்கள். வெளியிலிருந்து தள்ளும் விலங்குக்கு அப்போது சட்டமே எதிர்த்து நிற்கும். கோழிகள் அடையும் தடி சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி இருக்கட்டும்.

கதவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் பார்த்த இழப்புகளில் பாதி கதவால் வந்தவை. நெடுங்கேணிப் பக்கம் ஒரு வீட்டில், வலை, கூரை, தளம் எல்லாமே குறையில்லாமல் செய்திருந்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு கிழமையும் ஒரு கோழி கடிபட்டது. ஒரு காலை நான் முழங்காலில் நின்று கதவின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். மரம் மழையில் ஊறி வளைந்ததால் கீழ் மூலையில் மூன்று விரல் இடைவெளி விட்டிருந்தது. அதன் ஓரத்து ஆணியில் சாம்பலும் கபிலமும் கலந்த நான்கைந்து மயிர்கள் ஒட்டியிருந்தன; நிலைக்கட்டையின் விளிம்பு அடிக்கடி உரசுப்பட்டு மினுமினுத்தது. கீரி அந்த வழியால் காலையில், வீட்டார் கூட்டைத் திறக்கப் பிந்திய வேளைகளில், நாள் தவறாமல் வந்து பார்த்திருக்கிறது. நிலைக்கு உள்ளே ஓரங்குலச் சட்டம் ஒன்றைச் சுற்றிலும் அடித்து, கதவு அதில் போய் அமரும்படி செய்த பின்னர் அந்த வீட்டில் இழப்பு நின்றது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கொளுக்கி போடுங்கள். மம்மல் நேரத்தில் கோழிகள் ஏறியதும் எண்ணிப் பார்த்து மூடுங்கள். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் அது மரத்தில் அடைந்திருக்கும், கையோடு பிடித்து வந்து உள்ளே விடுங்கள். மரத்தில் அடையப் பழகிய கோழியை இரண்டு கிழமை கூட்டிலேயே இரையிட்டு அடைத்து வைத்தால் பழக்கம் மாறும்.

முட்டைக் கூடையைக் கூட்டுக்குள்ளேயே வைத்து, நண்பகலிலும் மாலையிலும் முட்டைகளை எடுத்துவிடுங்கள். அரை அங்குலக் கண்ணால் வளர்ந்த சாரையோ நாகமோ நுழையாது. ஓரங்குலக் கண் மலிவு என்று கடைக்காரர் சொன்னாலும் கூட்டுக்கு அது வேண்டாம், ஏனெனில் இளம்பாம்பு அதனால் வரும். வந்தது முட்டையை விழுங்கினால் திரும்பிப் போக முடியாமல் உள்ளேயே கிடக்கும், காலையில் கைவிடுபவர் நீங்கள்.

இரண்டாவது செலவு, அடுத்த போகத்துக் காசு வரும்போது, பகல் முற்றம். வளவு முழுவதையும் வளைக்க வேண்டியதில்லை. கூட்டைச் சேர்த்து முப்பதுக்கு இருபதடி என்றால் சுற்றளவு நூறடிதான். கட்டைக்கு ஆறடி இடைவெளி விட்டால் பதினேழு கட்டைகள். ஆறடி உயரத்துக்கு வலை வேண்டும்: கீழ் மூன்றடிக்கு ஓரங்குல ஒட்டுவலை, மேல் மூன்றடிக்கு அறுகோணக் கோழி வலை. கோழி வலைக்கு இங்கேதான் இடமுண்டு, ஏனெனில் நாயின் வாயும் நரியின் மூக்கும் முட்டுவது கீழ்ப்பகுதியில். மேல் விளிம்பில் கம்பி இறுக்காமல், ஓரடியை வெளிப்பக்கமாகத் தளர்வாக வளைத்து விடுங்கள்; ஏறிவரும் விலங்கு அந்தத் தளர்வில் பிடி இழந்து இறங்கிவிடும்.

நரியும் நாயும் பாய்வதைக் காட்டிலும் தோண்டுவதையே முதலில் முயலும். அதுவும் வேலியடியில் மூக்கை வைத்துத்தான் தோண்டும். இரண்டடி பின்னால் நின்று தோண்ட வேண்டுமென்று அதற்குத் தோன்றாது. அதனால் வலையை ஓரடி ஆழத்துக்குப் புதைப்பதைவிட, வேலியின் வெளிப்பக்கமாக, நிலத்தோடு நிலமாக, இரண்டடி அகலத்துக்கு வலையை விரித்து, வேலியடியோடு கம்பியால் கட்டி, முளையடித்து, மேலே மண்ணும் கல்லும் போட்டுவிடுவது எளிது. புல் முளைத்து ஒரு மாரி போனால் வலை மண்ணோடு பின்னிவிடும். உங்கள் பக்கத்துச் செம்மண்ணில் இது நன்றாக நிற்கும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் இருக்கும் வாசகர்கள் அகலத்தை மூன்றடியாகக் கூட்ட வேண்டும். உப்புக்காற்று வலையை வேகமாகத் தின்னும் என்பதால் ஆண்டுதோறும் அடியைத் தட்டிப் பார்க்கவும் வேண்டும்.

விரித்து வைக்கும் முறையை நான் விரும்புவதற்கு வன்னிக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. நம் மண்ணில் தோண்டுவது மற்ற இடங்களில் தோண்டுவது போலன்று. உங்கள் வளவு கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட நிலமென்று உறுதியாகத் தெரியாவிட்டால், அலவாங்கை இறக்கும் முன்னர் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். தெரியாத உலோகப் பொருள் எதுவும் அகப்பட்டால் தட்டவோ தூக்கவோ வேண்டாம். அந்த இடத்தை அடையாளமிட்டு, பிள்ளைகளை விலக்கி, 119 என்ற பொலிஸ் இலக்கத்துக்கு அறிவியுங்கள். கோழி முற்றத்துக்காக ஒரு கையை இழந்த கதை எந்த வீட்டிலும் வரக்கூடாது. கட்டைக் குழிகளை ஐப்பசி முதல் மழை விழுந்து மண் இளகிய பின்னர் தோண்டுங்கள். ஆவணி வெயிலில் இறுகிய மண்ணில் அரையடி இறக்கிவிட்டு நிறுத்திய கட்டை, கார்த்திகை மழையில் வலையோடு சாய்ந்துவிடும். இரண்டடி ஆழம் கட்டாயம் வேண்டும்.

வெளி வேலிக்குக் காசு வேண்டியதில்லை, காலம் வேண்டும். அதே மழையோடு உங்கள் பழைய எல்லை வேலியில் கிளுவையும் சீமைக்கிளுவையும் அரையடிக்கு ஒரு கதியாலாக நெருக்கி நடுங்கள். கீழ் மூன்றடிக்குப் பனைமட்டை வரிந்து, மட்டையடியில் இலந்தை முள்ளையும் காரை முள்ளையும் அடைத்துவிடுங்கள். நம் முன்னோர் கம்பிவலை காணாத காலத்திலேயே நாயையும் நரியையும் இந்த வேலியால்தான் மறித்தார்கள். கீரியை அது மறிக்காது. ஆனால் உள்ளே இருக்கும் முற்றத்துக்கு வரும் தொல்லையைப் பாதியாக்கும். சீமைக்கிளுவை இலை ஆட்டுக்கும் ஆகும்.

குஞ்சுகளுக்கு முற்றமும் போதாது. பிறந்து ஆறு கிழமை வரை தாயோடு கரப்புக்குள் வையுங்கள். அல்லது முற்றத்தின் ஒரு மூலையில் பத்துக்கு எட்டடி அளவில் மேற்புறமும் மூடிய ஒரு பகுதியை ஒதுக்குங்கள். மேல் மூடுவதற்கு முல்லைத்தீவுக் கரையில் மீனவர்கள் கழித்த பழைய வலை நல்ல பொருள். பருந்துக்கும் காகத்துக்கும் அதுவே போதும், நிழலுக்கு மேலே இரண்டு தென்னோலை போடலாம். மிகவும் மெல்லிய நைலோன் நூல் வலையைத் தவிருங்கள். பறவைகளும் பாம்புகளும் சிக்கி வதைபட்டுச் சாகும், அறுத்து விடப் போகும் உங்களுக்கும் ஆபத்து.

பக்கத்து வளவுக்காரர் சொன்ன யோசனையை அன்போடு ஆனால் உறுதியாக மறுத்துவிடுங்கள். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிக்குக் கொடுப்பது சட்டவிரோதம். அந்தக் கம்பியில் செத்தவர்கள் நரிகளைத் தேடிப் போனவர்கள் அல்லர், விடியலில் மாடு அவிழ்க்கப் போன வீட்டாரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும். முறையான மின்வேலிக் கருவி வேறு வகை: அது ஏறத்தாழ ஒரு விநாடிக்கு ஒரு முறை, கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைந்த அளவுக்கு மட்டும் துடிப்பை அனுப்பும், அதிர்ச்சி தரும், கொல்லாது. ஆனால் புல் தொட்டால் அதன் வலிமை போய்விடும், பாம்பையும் மரநாயையும் அது தடுக்காது. பதின்மூன்று கோழிகளுக்கு அந்தச் செலவை நான் சொல்ல மாட்டேன்.

சுருக்குக் கண்ணியும் நஞ்சு வைத்த இறைச்சியும் வேண்டவே வேண்டாம். கண்ணி வைத்தவர் நரிக்கென்று வைப்பார். அதில் விழுவது சிறுத்தையாகவும் இருக்கும், அயலவரின் மாடாகவும் இருக்கும். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. கூட்டுக்குள் வெங்கணாந்தி என்ற மலைப்பாம்பு ஒன்று படுத்திருப்பதைக் கண்டாலும் அடிக்காமல், கதவைச் சாத்திவிட்டு, வனசீவராசிகள் திணைக்களத்தாரை அழையுங்கள். முட்டை விழுங்கும் சாரை உங்கள் நெற்குதிரின் எலியையும் தின்னும் பிராணி என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

எலியைச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். மாலையில் மிஞ்சிய குறுநலையும் தவிட்டையும் முற்றத்தில் விட்டு வைத்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும், புடையனும் அதில் ஒன்று. இரை மூடியுள்ள தகர வாளியில் வீட்டுக்குள் இருக்கட்டும். யானை வந்துபோகும் எல்லையில் உங்கள் வளவு இருந்தால் நெல்லையும் தவிட்டையும் கோழிக்கூட்டருகே அடுக்கவே கூடாது.

கோழிகளை அடைத்து வளர்க்கத் தொடங்கியதும் நோயும் நெருங்கி வரும். முற்றத்து மண் ஈரமாகக் கிடந்தால் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் பிடிக்கும். ஆகையால் முற்றத்தை நடுவில் வலையால் இரண்டாகப் பிரித்து, ஒரு மாதம் ஒரு பக்கம், மறு மாதம் மறு பக்கம் என்று மாற்றி விடுங்கள். நரி ஒரு மாதத்தில் கொண்டுபோவதை இராணிக்கெட் நோய் ஒரு கிழமையில் கொண்டுபோகும். மாரிக்கு முன்னரே உங்கள் பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்தில் தடுப்பூசி பற்றிக் கேட்டு, மிஞ்சியுள்ள பதின்மூன்றுக்கும் போட்டுவிடுங்கள்.

அடுத்த பேடு அடைக்கு விழும்போது வைக்கோல் போரடியில் விடாதீர்கள். பழைய கூட்டை உடைத்தெறியாமல், அதன் கூரையிடைவெளியை மீதி வலையால் அடைத்து, உள்ளே ஒரு கடகத்தில் வைக்கோல் பரப்பி, பத்துப் பன்னிரண்டு முட்டைகளோடு அதை அங்கே வையுங்கள். இருபத்தொரு நாளும் தண்ணீரும் இரையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வலை வாங்குவதற்கு முன்னர் சாம்பலில் பார்த்த தடத்தை ஒரு தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்பினால், வருவது எதுவென்று பார்த்துச் சொல்கிறேன். அதற்கேற்றபடி கண்ணளவை மாற்ற வேண்டியிருந்தால் அதையும் எழுதுகிறேன்.